மடிப்பில் நின்ற பிள்ளை

1. வேலை கொண்டுவராத ஆள்

சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அச்சகத்தை மறுபடி திறந்த அன்று முதலாவதாக வந்தவர் எதையும் அச்சடிக்க வரவில்லை.

எங்கள் அச்சகம் கல்முனைப் பிரதான வீதியில் இருக்கிறது. தண்ணீர் பின்மதிலோடு நின்றுவிட்டதால் மெஷின் தப்பியது. உயர்தரம் எழுதி, கொம்பியூட்டர் வகுப்பும் முடித்து, பக்க வடிவமைப்புக்கென்று நான் அங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் எது கிடைத்தாலும் புதுவிதமாகச் செய்து பார்க்கத் துடிக்கிற காலம்.

வந்தவர் கல்முனைக்குடி மீன் வியாபாரி சலீம். முந்தின வருடம் நாங்கள் அடித்த பாடசாலை ஆண்டு மலர் ஒன்று கையில் இருந்தது.

“மகள், இது நீங்க அடிச்சதுதானே?”

“ஓம் மாமா.”

நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினார். இரண்டு பக்கத்துக்கும் குறுக்காக மாணவிகளின் குழுப்படம். அப்படிப் பெரிதாகப் போட யோசனை சொன்னது நான்தான். அந்த மலர் வந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள்.

“இந்தா, இதுதான் எண்ட நஸ்ரியா.”

விரல் சரியாக மடிப்பில் நின்றது. ஆர்ட் பேப்பரின் மேலே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். மடித்தால் அது வெடிக்கும், மையும் அதோடு உதிரும். அந்தப் பிள்ளையின் நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. வாய்க்குக் கீழே நாடியில், மலரைச் சேர்த்து அடித்த கம்பி.

“வேற படம் இல்லையா மாமா?”

“எங்க மகள்? ஊட்டுல இருந்த படமெல்லாம் ஊட்டோட போயிட்டு. ஸ்டூடியோவும் கடக்கரையிலதான். பள்ளிக்கூடத்துல சுவர் மட்டும் நிக்கிது.” மலரை மேசையில் வைத்தார். “புள்ளட மையித்தும் கிடைக்கல்ல, அடக்கவும் ஏலாமப் போச்சு. உம்மாக்காரி கேம்புல கிடந்து, கண்ண மூடினா முகம் வருதில்ல எண்டு அழுறா. முகத்த மட்டும் எப்படியாவது எடுத்துத் தாங்க.”

வேலை முடிந்ததும் படத்தையும் பிலிமையும் பாடசாலைக்கே கொடுத்துவிடுவோம். பிளேட் பழைய அலுமினியத்தோடு போய்விடும். கொம்பியூட்டரில் அப்போது இடம் போதாது, அதிலும் அழித்தாகிவிட்டது. எஞ்சியிருந்தது அச்சடித்த தாள் மட்டும்தான். ஊரில் எத்தனை மலர் மிஞ்சியிருந்தாலும் அத்தனையிலும் அவள் மடிப்புக்குள்தான் நிற்பாள்.

2. வேஸ்ட் கட்டு

“மடிக்காத தாள் ஒண்டு வேணும் காக்கா” என்றேன், மெஷின் ஓட்டுகிற ரபீக் காக்காவிடம். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.

“இருந்த எல்லாத்தையும் வேஸ்ட்டுக்குப் போட்டுட்டன் தங்கச்சி.”

புது வேலை தொடங்கும்போது மை சீராகி எழுத்து இடத்தில் விழும்வரை பழைய வேலையில் மிஞ்சிய தாள்களைத்தான் மெஷினுக்குள் விடுவோம். ஒரே தாளில் கல்யாணக் கார்டு, அதற்குமேல் பெற்றோர் கூட்ட நோட்டீஸ், அதற்கும்மேல் கடை பில் என்று ஏறிக்கிடக்கும். அந்தக் கட்டை அவிழ்த்து மூவரும் நிலத்தில் குந்திப் பிரித்தோம். குழுப்படம் உள்ள தாள்கள் வரத்தான் செய்தன. ஒன்றில் அவள் முகத்தில் ஐஸ்கிறீம் விலைப்பட்டியல். இன்னொன்றில் உதைபந்தாட்டப் போட்டி அறிவித்தல்.

கடைசியில் ஒரு தாளில் முகம் தப்பியிருந்தது. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே மட்டும் கொட்டை எழுத்தில் ‘கணித வகுப்புகள் ஆரம்பம்’ என்று விழுந்திருந்தது.

ரபீக் காக்கா மெதுவாகத் தாளை நீட்டினார். சலீம் மாமா வாசித்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தோம்.

“கணக்கு டியூசன் எண்டா இவக்கு வயித்து வலி வந்திரும். கடைசியில நெஞ்சிலயே எழுதி ஒட்டிட்டீங்களே!”

சிரிப்பதா வேண்டாமா என்று ரபீக் காக்கா என்னைப் பார்த்தார். பிறகு மூவரும் சிரித்துவிட்டோம்.

3. நான் செய்த முகம்

“நாளைக்கு வாங்க மாமா, பெருசாக்கித் தாறன்.”

அச்சான படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அதை ஸ்கேன் பண்ணினால் புள்ளியோடு புள்ளி மோதி, குளத்தில் கல் போட்டதுபோல வளையம் வளையமாக வரும். தொழிலில் அதை மொய்ரே என்போம். அதைக் கலைக்கப் படத்தை மங்கலாக்கினேன். மங்கினதைக் கூர்மையாக்கினேன். அதிலே பிசிறு வந்தது, துடைத்தேன். சட்டையில் இருந்த எழுத்தை அழித்தேன். இமைகளுக்கு ஒவ்வொன்றாக மயிர் வரைந்தேன். ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் வந்தவர் வெகுநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இரிக்கா. ஆரு மகள் இது?”

“நஸ்ரியாதான் மாமா.”

“இல்ல மகள். எண்ட புள்ளக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு. சின்னதுல கிணத்தடியில வழுக்கி உழுந்தவ. இவ கிணத்தடிக்கே போகாத புள்ள மாதிரியெல்லா இரிக்கா.”

நான் பிசிறு என்று துடைத்தது அந்த வெட்டை. மறுபடி தொடங்கினேன். இந்த முறை எதையும் துடைக்கவில்லை, பெரிதாக்க மட்டும் செய்தேன். திரை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்தான் நின்றன. புருவம் எங்கே, கண் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வேறு வழி தோன்றவில்லை. கட்டிலிருந்து எடுத்த தாளையே அவர் கையில் கொடுத்தேன். அதில் அவள் முகம் இரண்டு ரூபாய் நாணயக்குற்றியளவுதான். அவர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

“ஓம். இவதான். அந்தா புருவம்.”

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

“இவவ மட்டும் வெட்டித் தரவா மாமா?”

“வேணா மகள். கூட்டாளிமாரும் நிக்கட்டும். இவ தனிய நிக்கமாட்டா.”

சொல்லிக்கொண்டே, சட்டைப் பைக்குள் வைக்கவென்று தாளின் நுனியோடு நுனியைச் சேர்த்தார்.

“மடிக்காதீங்க!” நானும் ரபீக் காக்காவும் ஒன்றாகக் கத்தினோம்.

திடுக்கிட்டுப்போய் கையை எடுத்தார். ரபீக் காக்கா லெமினேட்டிங் றோலின் அட்டைக்குழாய் ஒன்றைத் தேடி எடுத்து, தாளைச் சுருட்டி அதற்குள் விட்டுக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் சலீம் மாமா பில் புத்தகம் அடிக்க வந்தபோது விசாரித்தேன்.

“உம்மாக்காரி கேம்புக் கம்பத்துல கட்டிவெச்சிரிக்கா. எதிர்ப்பக்கம் இருந்துதான் பாக்கிறா. கிட்டப் போறல்ல. கிட்டப் போனா புள்ள போயிருவாவாம்.”

4. புதிதாக வருகிறவர்களுக்கு

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபின் மலர் வேலைகள் கூடிவிட்டன. என் மேசையில் இப்போது இரண்டு பேர் லேஅவுட் பழகுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். படத்தை அச்சான அளவுக்குமேல் இழுக்காதீர்கள். தெரியாத முகத்தில் எதையும் துடைக்காதீர்கள். ஒவ்வொரு வேலையிலும் மடிக்காத தாள் ஒன்றை எடுத்துப் பலகையடியில் வையுங்கள்.

நடுப்பக்கத்துக்குக் குழுப்படம் என்றால் படம் பிடிக்கிற இடத்துக்கு நானே போய்விடுகிறேன். சம்மாந்துறைப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து, நடுவே ஓராள் உட்காரும் கதிரையளவு இடம் விடச் சொன்னேன். அதிபருக்கு அது பிடிக்கவில்லை.

“என்ன தங்கச்சி, பல்லு உழுந்த வாய் மாதிரி இரிக்கு? நெருங்கி நிக்கச் சொல்லுங்களன்.”

“இருக்கட்டும் சேர். அது மடிப்பு வாற இடம்.”

அவர் முகத்தைச் சுளித்தார். வரிசையில் நின்ற பிள்ளை ஒன்று அந்த இடைவெளிக்குள் நகர்ந்து வந்தது. தோளைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் அதன் கூட்டாளிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, படம் எடுக்கச் சொன்னேன்.