குடிக்கிறவருக்கு எவ்வளவு அரிசி

இந்த ஊரில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒயின் பாட்டிலும் இருக்கவேண்டும். பாரிசில் நான் பார்த்துக்கொள்ளும் கிழவருக்கு எண்பது தாண்டிவிட்டது. முசியே என்று கூப்பிடுவேன். முதல் நாள் அவர் பாட்டிலைக் காட்டினார். ஊற்றினேன். ஊற்றிவிட்டு, சமைத்ததில் பாதியை எடுத்து வைத்துவிட்டேன். குடிக்கிறவர் எங்கே சாப்பிடப்போகிறார், எதற்கு வீணாக்குவது என்று.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான். வீட்டுக்காரர் கடைப்பக்கம் போனார் என்று தெரிந்தால் உலையில் ஒரு பிடி அரிசி குறையும். வேகவைத்த மல்லாட்டைக் கடலையைக் கொறித்துக்கொண்டு குடித்துவிட்டு வருவார். தட்டின் முன்னால் உட்காருவார். பிசைவார். வாய்க்குப் போகாது. "பசி இல்ல, எடு" என்பார். பானையில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் நான் தின்றுவிட்டுக் கொல்லை வேலைக்குப் போவேன். அவருக்குச் சட்டை வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது.

முசியே நான் வைத்ததைத் தின்று, ரொட்டியால் தட்டைத் துடைத்து அதையும் தின்றார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வாரம் பார்த்துவிட்டு மகளை வரவழைத்தார். ஏன் கொஞ்சமாக வைக்கிறாய் என்று அந்த அம்மா கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "ஒயின் இருக்கு, சாப்பாடு வேண்டாம்" என்றேன். அப்பா அப்படிச் சொன்னதாக நினைத்து அவரைத் திட்டினாள். அவர் என்னைத் திட்டினார். கடைசியில் கையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தார்கள். அந்த ஒரு தம்ளர் உள்ளே போனால்தான் அவருக்குப் பசி எடுக்கும். அதற்குமேல் அவர் கேட்கவும் மாட்டார். வித்தியாசம் அளவில் இருக்கிறதா, ஆளில் இருக்கிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் அதற்குப் பிறகு குறைத்து வைப்பதில்லை.

போன மாதம் வீட்டுக்காரரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். சோறு இறங்கினால்தான் ஆள் நிற்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனார் செல்விதான் பார்த்துக்கொள்கிறாள். முசியேவுக்குத் தட்டு வைக்கிற நேரத்தில் அவளுக்குப் போன் போடுவேன். அங்கே சாயங்காலம்.

"உங்கண்ணன் சாப்டாரா செல்வி?"

"சாப்டுச்சு அண்ணி."

எங்கள் பக்கம் குடிப்பதற்கும் அந்தச் சொல்தான்.

"எதடி சாப்டாரு?"



"பேஜாரு பண்ணாதீங்க அண்ணி. நானும் சோத்தப் போட்டுக்கினுதான் இருக்கேன். தட்டத் தள்ளிட்டு எழுந்து போய்க்கினே இருக்குது. உங்களுக்கு அங்கருந்து கேக்க சுலுவா இருக்குது."

அவள் சொல்வது சரிதான். மேசையிலிருந்து முசியே கரண்டியால் தம்ளரைத் தட்டுகிறார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாட்டிலைத் திறக்கிறேன்.

"ரெண்டு வாய் ரசஞ்சோறாவது தின்னச் சொல்லுடி" என்கிறேன். கை அளவு தப்பாமல் ஊற்றுகிறது.