இரண்டு பேர் தனித்தனியே

செய்தி வந்தபோது தராசில் ஒரு பீங்கான் துண்டு இருந்தது. அமலாவின் கணவர் ஆரோக்கியசாமிதான் போனில் பேசினார். "காலையில போயிட்டாம்மா" என்றார். "சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, எடையைக் குறித்துக்கொண்டு, அடுத்த துண்டையும் எடை போட்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அடக்கத்தின்போதும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அமலோற்பவ மேரி என்று சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. விருத்தாசலத்தில் பீங்கான் சோதனைக்கூடத்து அமலா மேடம் என்றால் தெரியாதவர்கள் இல்லை. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் டப்பாவிலிருந்து கேட்காமலே கருவாட்டை எடுத்துச் சாப்பிட்டவளை எனக்கு அப்படி எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலுள்ள சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் கொண்டுவரும் பீங்கான் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நன்றாக வெந்த பீங்கான் தண்ணீர் குடிக்காது. துண்டை அடுப்பில் உலர்த்தி எடை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போட்டால் குடித்த அளவு தெரியும். ஒரே பொருளை இரண்டாக உடைத்து, ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, அறையின் இரண்டு மூலைகளில் நின்று சோதிப்போம். எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. கடைசியில் இரண்டு சீட்டுகளையும் மேசையில் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்புவோம். இது மேலிடத்துச் சட்டமில்லை, அமலா போட்டது. சீட்டாட்டம் மாதிரி இருக்கிறதே என்று பியூன் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் நான் என் சீட்டை ஒரு தடவை மல்லாத்தி வைத்துவிட்டதற்கு, அந்தச் சோதனையையே திரும்பச் செய்ய வைத்தாள்.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். எழுதுவது அவள் பொறுப்பு. இரண்டு பேரும் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருந்தால் மட்டுமே 'இன் அக்ரிமெண்ட் வித்' என்று எழுதுவாள். ஒரு முடிவு இன்னொன்றோடு முட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றால் 'கன்சிஸ்டென்ட் வித்'. உறுதியாக அதுதான் என்று சொல்லும் 'கன்ஃபர்ம்ஸ்' என்ற சொல் அவள் கையிலிருந்து வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வருகிறவர்கள் வாடிய முகத்தோடு திரும்பிப் போவார்கள்.

மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் முதலாளி ஒருவர் ஒருநாள் எதிரில் உட்கார்ந்து, கன்சிஸ்டென்ட், கன்ஃபர்ம்ஸ் இரண்டும் ஒன்றுதானே என்று வாதாடினார். அமலா பொறுமையாகத்தான் சொன்னாள். "மழ பேஞ்சா தெரு நனையும் இல்லீங்களா? தெரு நனைஞ்சிருக்குதுங்கறதால மழதான் பேஞ்சுதுன்னு சொல்லிட முடியுமா? தண்ணி லாரி ஒழுவிக்கினு போயிருக்கும். மழைன்னு சொன்னாலும் பொருந்தும், லாரின்னு சொன்னாலும் பொருந்தும். அதுதாங்க கன்சிஸ்டென்ட்." அவர், "ஒங்ககிட்ட வந்தா இங்கிலீசும் கத்துக்கலாம் போலருக்குது" என்று எழுந்து போனார்.

அதே முதலாளியின் சரக்குக்கு இன்னொரு முறை எங்கள் இரண்டு சீட்டிலும் ஒரே எண் வந்தது. தண்ணீரே குடிக்காத அருமையான பீங்கான். "அதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்திருக்குதே மேடம், எழுதிக் குடுத்துடுங்க. வண்டி நிக்குது" என்றார் அவர். அமலா பேனாவைத் திறந்தாள், மூடினாள். நேராக உலர்த்தும் அடுப்பிடம் போய்க் கதவைத் திறந்து உள்ளே கைவைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சூடு ஏறவே இல்லை. துண்டுகள் முன்னமே ஈரத்தைக் குடித்துவிட்டு இருந்ததால்தான் சோதனையில் மேற்கொண்டு குடிக்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியே எடை போட்டோம், தனித்தனியே கணக்குப் போட்டோம். ஆனால் உலர்த்தியது ஒரே அடுப்பில். "ஒரே அடுப்பு பொய் சொன்னா நாம ரெண்டு பேரும் ஒத்துமையா பொய் சொல்லுவோம், வசந்தா" என்றாள். அன்று லாரி சரக்கில்லாமல் போனது. முதலாளி கொஞ்ச நாள் எங்களோடு பேசவில்லை.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டிலும் 'கன்சிஸ்டென்ட் வித்' என்றே இருந்தது, அதை அடுத்து புற்றுநோய்க்கான ஆங்கிலச் சொல். வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். அவள் மறுநாள் வேலைக்கு வந்து, "தெரு நனைஞ்சிருக்குதுன்னுதான் எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்து சதையை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான் என்று வந்தது. சென்னையில் வேறொரு இடத்திலும் பார்க்க வேண்டும் என்றாள். புதுச்சேரியில் மெழுகில் பதித்து வைத்திருந்த மிச்சச் சதையை வாங்கிக்கொண்டு நான் போவதாக ஏற்பாடு. "எங்க கட்டி, எப்பலேர்ந்து இருக்குது, எல்லாம் சொல்லு. இவங்க முடிவ மட்டும் சொல்லாத. ரிப்போர்ட்ட காட்டாத. மூடியே வெச்சிரு" என்றாள். ஆரோக்கியசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரு விஷயத்துலயும் ஒன் லேபு சட்டமா? காட்டுனா சீக்கிரம் பாத்து சொல்லுவாங்க இல்ல?" என்றார். "உசுரு விஷயம்ங்கறதாலதான் சொல்றேன்" என்றாள். அவர் எழுந்து வெளியே போனார்.

சென்னையில் முதல் கேள்வியே அதுதான். முன்பு பார்த்த ரிப்போர்ட் எங்கே? அது என் பைக்குள் இருந்தது. கொண்டுவரவில்லை என்றேன். அவர்கள் முடிவு சொல்லும்வரை, வேறு ஏதாவது வந்துவிடாதா என்று வேண்டாத சாமியில்லை. வரவில்லை. அதே நோய், அதே வகை. திரும்பி வந்ததும் அவளிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முதல் ரிப்போர்ட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க. தரல."

"அப்ப சரி" என்றாள்.

அந்த வாரமே மருத்துவம் ஆரம்பித்தது. அதன் பிறகு ஒரு நாளும் தப்பாகப் பார்த்திருப்பார்களோ என்று அவள் கேட்டதில்லை. நான்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நான் அவளைப் பார்த்தபோது ஆரோக்கியசாமி டீ வாங்கப் போயிருந்தார். "வசந்தா, பயமா இருக்குது" என்றாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். கொஞ்சங்கூட பயப்படாத மனுஷி, சிரிச்சிக்கினே போனாங்க என்று ஒருவர் சொல்ல, அதையே அடுத்தவர் சொன்னார். பங்குச் சாமியாரும் பிரசங்கத்தில் அதைத்தான் சொன்னார். எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏற்றிவிட ஆரோக்கியசாமி கூடவே வந்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"பயப்படலன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் ஆமா ஆமாங்கறேன். எங்கிட்ட சொன்னாம்மா. பயமா இருக்குதுங்கன்னு. நான் எந்திரிச்சி ஜன்னல்கிட்ட போயிட்டேன்."

"எங்கிட்டயும் சொன்னாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அத்தனை பேர் நடுவில், மூட்டை முடிச்சுகளுக்கு மத்தியில், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அமலாவிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது அந்தப் பயம்தான். அதை நல்ல வார்த்தை போட்டு மறைக்க நான் தயாரில்லை. அவளைத் தெரிந்தவர்கள் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அவள் பயந்தாள். பயந்துகொண்டேதான் அந்த முதல் ரிப்போர்ட்டை மூடி வைக்கச் சொன்னாள்.