கடைசியாக உயர்ந்த கை

கமலவேணி அம்மாளைப் பற்றி ஒரு தவறான செய்தி அவருடைய அஞ்சலிக் கூட்டத்திலேயே பேசப்பட்டது. அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். "நல்ல அம்மாதான். ஆனால் அவருடைய கெடுபிடிக்குப் பயந்து ஒரு சிலோன் குடும்பமே மலையை விட்டு ஓடிப்போனது" என்று ஒருவர் மேடையில் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்து மறுத்தேன். ஒலிபெருக்கியை யாரும் என்னிடம் தரவில்லை. எனவே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தை நடுங்க வைத்த காரியத்தைக் கமலவேணி செய்யவில்லை. செய்யவேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னவர் அவர். சொன்னபோதும் நான் அங்கே இருந்தேன், அதை மீறி அது நடந்தபோதும் இருந்தேன்.

அவர் இறந்த செய்தி எனக்குக் குன்னூர் பேக்கரியில் கிடைத்தது. கடைக்காரர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ஏனுங்க டீச்சரம்மா, உங்களுக்குத் தாக்கல் வரலீங்களா? வேணியம்மா இன்னிக்கு வெடியக்காலைல போயிட்டாங்களாமா" என்றார். வாங்கிய பொருளை மறந்து வைத்துவிட்டு வரும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்று ரொட்டி கடையிலேயே இருந்துவிட்டது. மாலையில் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

இளையவர்களுக்கு அவருடைய வேலை என்னவென்று தெரியாது. சிலோன் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் இந்த மலைக்கு வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கல்வி அலுவலகத்தில் கமலவேணிக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்புக்குச் சரியான பெயர்கூட இல்லை. காது, கண் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, தனி ஆசிரியர் உதவி என்று அரசாங்கச் செலவில் நடந்தவை அரசுப் பள்ளிகளோடு நின்றுவிடும். எஸ்டேட் கம்பெனிப் பள்ளிகளிலும் கான்வென்ட்டின் இலவச வகுப்புகளிலும் படித்த பிள்ளைகளுக்கும் அவை கிடைக்கும்படி இரு தரப்பையும் பேசிச் சேர்ப்பதுதான் அவர் வேலை. இரு தரப்புக்கும் அதில் விருப்பமில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கம் ஏன் செலவு செய்யவேண்டும் என்றது அலுவலகம். இன்று காது பார்க்க வருகிறவர்கள் நாளை கணக்குப் பார்க்க வருவார்கள் என்றன பள்ளிகள். இருவருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "பள்ளிக்கூடந்தானுங்க தனியாரு. புள்ளைங்க அல்லாரும் நம்ம புள்ளைங்கதான்."

நான் படித்த கான்வென்ட்டிலேயே அப்போது ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். எங்கள் தலைமை ஆசிரியையான மதருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசுவது மட்டும் ஆங்கிலத்தில். கமலவேணி முதல்முறை வந்த நாளில் நல்ல மழை. மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் சேற்றுக்காலோடு வந்து, உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அரசாங்க விதிப்படி பரிசோதனை அரசுக் கட்டடத்தில்தான் நடக்கவேண்டும், பிள்ளைகளைக் கீழே உள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். எங்கள் சீருடையோடு எந்தப் பிள்ளையும் அங்கே போகாது என்று மதர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப யூனிபாரம் இங்கயே இருக்கட்டுங்க டீச்சர். காது வந்தாப் போதும்னு மதர்கிட்டச் சொல்லுங்க."

இதை எப்படி ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் மதர் சிரித்துவிட்டார். கடைசியில் இரு பள்ளிகளுக்கும் நடுவில் இருந்த நகராட்சியின் அம்மை குத்தும் அறை என்று முடிவாயிற்று. அரசாங்கக் கட்டடம், ஆனால் பள்ளியல்ல. இப்படி நடுவில் ஓர் இடம் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

பரிசோதனைக்கு முன்னால் என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, சாதாரணக் குரலைவிடச் சற்று மெதுவாக, "யாருக்கு முட்டாய் வேணும்?" என்றார். பெஞ்சுகள் அதிர்ந்தன. அவர் சட்டென்று திரும்பினார். எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. முன் பெஞ்சில் இருந்த தவமணியின் கை மட்டும் மேசை மேல் இருந்தது. அவள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், அதன் பிறகு கையைத் தூக்கினாள்.

"தூக்கிட்டாளே" என்றேன்.

"தூக்குனா. மத்தவங்களப் பாத்துட்டுத் தூக்குனாளுங்க டீச்சர். காதோரம் சீழ் காஞ்சிருக்குது பாருங்க."

தவமணிக்குப் பத்து வயதிருக்கும். சிலோனிலிருந்து வந்த குடும்பம். பர்லியார் பக்கம் இறங்கும் சாலையில் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள். டிக்டேஷனில் பாதி வாக்கியங்களை ஒரு பிழை இல்லாமல் எழுதுவாள், மீதியை எழுதவே மாட்டாள். நான் அவள் பக்கம் பார்த்துச் சொன்னவையெல்லாம் அவள் நோட்டில் இருந்தன. பலகையைப் பார்த்துச் சொன்னவை இல்லை. அவள் கேட்டு எழுதவில்லை. என் உதடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று கிளம்பும்போது கமலவேணி மதரிடம் ஒன்றை இருமுறை சொன்னார். "யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமுங்க. வகுப்போட அல்லாப் புள்ளைங்களையும் அனுப்புங்க. டாக்டர் அல்லாரையும் பாக்கட்டும்." மதர் தலையசைத்தார். இதைத்தான் அஞ்சலிக் கூட்டத்தில் சொல்ல எழுந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மதர், முழு வகுப்பையும் அனுப்பினால் பாடம் கெடும் என்று நினைத்தாரோ என்னவோ, சிலோன் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நிற்கவேண்டும் என்றார். ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். மதர் இப்போது இல்லை. கெட்ட மனசுக்காரர் அல்ல. ஒழுங்காகச் செய்வதாகவே நினைத்தார். பக்கத்துப் பிள்ளை இடித்த பிறகு தவமணி எழுந்தாள். யார் யார் நிற்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். தன் லயத்துப் பிள்ளைகள் மட்டும் நிற்பதைக் கண்டாள். மதிய மணி அடித்தபோது அவள் பள்ளியில் இல்லை. அதன் பிறகு வரவும் இல்லை.

கமலவேணி லயத்துக்குப் போனபோது நானும் உடன் போனேன். தவமணியின் அம்மா வாசலை அடைத்து நின்றாள். "புள்ள இல்லீங்கம்மா. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருச்சு." அவளுக்குப் பின்னால் தொங்கிய சாக்குத் திரைக்குக் கீழே எங்கள் பள்ளியின் கறுப்பு ஷூ ஒரு ஜோடி தெரிந்தது. உள்ளே கால்கள் இருந்தன. நான் வாயைத் திறந்தேன். கமலவேணி என் முழங்கையைத் தொட்டார். பிறகு ஈரப்படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டார். மூடுபனி ஏறி, எதிர் லயம் மறைந்தது.

"பேரு வாசிச்சாங்களாமே?" என்றாள் அந்த அம்மா கடைசியில்.

"ஆமாங்க. வாசிச்சிருக்கக் கூடாதுங்க."

"அங்க தோட்டத்துலயும் பேருதாங்கம்மா வாசிச்சாங்க. மூத்தவள கட்டிக் குடுத்திருந்தோம். அவ பேரு சிலோன் பக்கம், எங்க பேரு இந்தியாப் பக்கம்னுட்டாங்க. கப்பலுக்குக் கெளம்புறப்ப ரயிலடியில நின்னு கையக் காட்டுனா. அம்புட்டுத்தான்." அவள் சாக்குத் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இவள எந்தப் பக்கத்துல வாசிக்கப் போறீங்க?"

கமலவேணி அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "எந்தப் பக்கமும் இல்லீங்க. புள்ளைக்குக் காதுல சீழ் வருது. வெச்சுட்டே இருந்தா சுத்தமாக் கேக்காமப் போயிரும். நீங்களே கூட்டியாங்க. கையப் புடிச்சுக்குங்க. டாக்டர் பாக்கறப்பவும் விடாதீங்க."

அந்த அம்மா உள்ளே போய்ப் பால் சேர்க்காத தேநீர் கொண்டுவந்து, "பிளேன்டீதான் இருக்கு" என்று கொடுத்தாள். வியாழக்கிழமை கூட்டிவருவதாகச் சொன்னாள். நாங்கள் எழுந்தபோது திரை விலகி ஒரு முகம் தெரிந்தது. கமலவேணி குரல் இல்லாமல், உதடுகளை மட்டும் அசைத்து, "வருவியா கண்ணு?" என்றார். தவமணி தலையை ஆட்டினாள். அவள் சிரித்ததையும் நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். மற்ற பிள்ளைகள் வந்தார்கள். தவமணி வரவில்லை. சாயங்காலம் நாங்கள் போனபோது அந்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சாம்பலைக்கூட அள்ளித் துடைத்திருந்தார்கள். பள்ளிச் சீருடை துவைத்து, மடித்து, வாசல் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அந்தக் கறுப்பு ஷூக்கள். சேறு துடைக்கப்பட்டிருந்தது.

அடுத்த வீட்டுக்காரி, சேரம்பாடிப் பக்கம் அரசாங்கத் தோட்டத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருக்கலாம் என்றாள். அவள் புருஷன், இல்லை, கேரளாப் பக்கம் என்றான். அந்த வாரம் எஸ்டேட்டில் பலருக்கு வேலை நின்றிருந்ததும் உண்மை. பிறகு அவள் கமலவேணியை மேலும் கீழும் பார்த்து, "ஆபீசரம்மா ஒருவாட்டி வந்தீங்க, அவுங்க போயிட்டாங்க. இன்னொருவாட்டி வந்தீங்கன்னா நாங்களும் போயிருவோம். லயம் நல்லா காத்தோட்டமா இருக்கும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருடங்களாக ஊர் சொல்லிவரும் கதை அந்தக் கேலியிலிருந்து பிறந்தது. கமலவேணி அதை ஒருநாளும் மறுத்ததில்லை. பெயர் வாசித்தது மதர் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. "நான் புள்ளைங்கள அனுப்பச் சொன்னதாலதானுங்க அவங்க வாசிச்சாங்க" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். அது நியாயமல்ல என்று அப்போதே சொன்னேன்.

அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் அவர் கால்பட்ட எந்தப் பள்ளியிலும் பெயர் வாசிக்கப்படவில்லை. பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, எல்லாரும் வகுப்போடு வரிசையில் வந்து காதைக் காட்டினார்கள். கோத்தகிரி, நெல்லியாளம், சேரம்பாடி என்று தம் எல்லைக்கு அப்பாலும் போனார். விடுமுறையில் ஒருமுறை நானும் சேரம்பாடிப் பக்கம் உடன் போனேன். அதே போல முதுகைக் காட்டி நின்றார், அதே கேள்வியைக் கேட்டார். திரும்பும் முன் அவர் தோள்கள் ஒரு கணம் இறுகியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரும்பினார். கையை உயர்த்தாமல் ஒரு பெண் இருந்தாள். வேறு பெண்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னார்: "கெடச்ச புள்ளைய நெனச்சுச் சந்தோசப்படோணும். தெரியுதுங்க. ஆனா ஒவ்வொருவாட்டியும் அவ மொகம் இருக்கும்னுதான் திரும்பறேன்."

அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டு, வைத்தியம் பெற்று, படித்து, வேலைக்குப் போனவர்கள் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். பேச அழைக்கப்பட்டவர்களில் அவர்கள் இல்லை.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது கோயமுத்தூரில், அவருடைய தம்பி வீட்டில். உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது. நலம் விசாரித்து முடித்ததும், "டீச்சர், அந்த ஊட்டுக் கதவு தொறந்துதான இருந்துச்சு?" என்று கேட்டார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன்.

"பயந்து ஓடறவங்க துணி தொவச்சு வெச்சுட்டுப் போவாங்களா?"

தெரியவில்லை என்றேன். ஆறுதலுக்காகப் பொய் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். தவிர எனக்கு அது பழக்கமும் இல்லை. அவர் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் எழுந்து கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அவர் முகத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு பழக்கம்தான். யாரிடமும் முதுகைக் காட்டிப் பேசுவதில்லை. என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமானாலும் எதிரே போய் நின்று சொல்கிறேன். என் கணவர் இருந்திருந்தால் கேலி செய்திருப்பார்.

தவமணிக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயதிருக்கும். அவளோ, அவளை அறிந்தவர்களோ இதைப் படித்தால் எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியவேண்டும். காதுக்கு வைத்தியம் நடந்ததா? அன்று நீங்கள் போனது எங்களுக்குப் பயந்தா? பயந்துதான் என்றாலும் அப்படியே சொல்லுங்கள். கமலவேணி அம்மாளுக்கு அது இனித் தெரியப்போவதில்லை. ஊருக்குத் தெரியட்டும். இந்த இதழின் அலுவலகத்துக்கு அனுப்பினால் என்னிடம் சேர்த்துவிடுவார்கள். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்; எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கடிதமாக எழுதுங்கள்.