நெல்டாவின் துப்பாக்கிக் குழலில் ஈயம்

அந்த வசந்த காலத்தில் நெல்டா டோர்கர்சனின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவர்கள் எல்லோரும் முதல் வேலையாக மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் அடுப்பில் தேன்மெழுகும் மான்கொழுப்பும் உருகிக்கொண்டிருக்கும், பக்கத்து அடுப்பில் மதிய சூப் கொதிக்கும். அவள் கணவன் ஆர்லோ ஒருநாள் கரண்டியைத் தப்பான பாத்திரத்தில் விட்டு வாயில் வைத்துவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு. அவன் இல்லவே இல்லை என்பான். ஆனால் அன்று அவன் மீசை பளபளத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நெல்டா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்துகளை ஓட்டுகிறவள், ரிப்பேர் பார்க்கிறவளும் அவள்தான். மான்டானாவின் இந்தக் கிழக்குக் கோடியில் பனிக்காலத்தில் பேருந்து நடுவழியில் நின்றால் கூப்பிட ஆள் கிடையாது, அதனால் இரண்டும் ஒருவரே செய்வது நல்லது. சிறுமியாக இருந்தபோது பால் கடையும் இயந்திரத்தை முழுக்கக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். எதுவும் ஏன் ஓடுகிறது, ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கும் தம்பி லெய்ஃபுக்கும் பொதுவாக ஒரு துப்பாக்கி இருக்கிறது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் பழைய காலத்துக் கனத்த துப்பாக்கி. ஆகஸ்டில் மேய்ச்சல் நிலத்தில் நடக்கும் போட்டியில் அக்காவும் தம்பியும் அதையே மாற்றி மாற்றிச் சுடுவார்கள். தூரத்தில் காட்டெருமை வடிவில் வெட்டி நிறுத்திய இரும்புத் தகடுகளில் யார் அதிகம் அடிக்கிறார்களோ, அடுத்த ஆகஸ்ட் வரை துப்பாக்கி அவர்கள் வீட்டுச் சுவரில். தோற்றவர் தன் கையாலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டு வரவேண்டும். தோட்டா செய்யும் சாமான் பெட்டியும் துப்பாக்கியோடு போகும், வரும்.

போன ஆகஸ்டில் நெல்டா ஜெயித்தாள், தம்பி வீட்டிலிருந்த துப்பாக்கியும் பெட்டியும் அவளிடம் வந்தன. ஜெயித்த சந்தோஷத்தில் கொட்டகையில் ஈயம் காய்ச்சி, அச்சில் ஊற்றி, நிறைய குண்டு வார்த்தாள். குழலில் வழுக்கிப் போவதற்காகக் குண்டின் பள்ளங்களில் மெழுகு தடவி, எல்லாம் ஒரே அளவாக வர அளவு வளையத்துக்குள் நெம்புகோலால் அழுத்தி வெளியே எடுத்தாள். பிறகு மருந்து நிரப்பிய பித்தளைக் கூட்டின் வாயில் குண்டைச் செருகித் தோட்டாவாக்கினாள். எல்லாம் அவள் வழக்கமாகச் செய்வதுதான். சுட்டுப் பார்த்தால் முதல் ஐந்தாறு நேராகப் போனது, அப்புறம் எருமையை விட்டுவிட்டு வானத்தையும் புல்லையும் அடித்தது. குழலுக்குள் துணி விட்டு இழுத்தபோது வெள்ளி வெள்ளியாக ஈயச் சிலும்புகள் வந்தன. குண்டிலிருந்து உரிந்து குழலின் உள்சுவரில் அப்பிக்கொண்ட ஈயம்.

லெய்ஃப் வந்து குழலை வெளிச்சத்துக்குக் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"அக்கா, இது செத்துப்போச்சு. உள்ள எல்லாம் தேஞ்சிருக்கு. பில்லிங்ஸ் டவுன்ல ஒருத்தர் குழலைக் குடைஞ்சு பெருசாக்கித் தர்றாரு. பெரிய குண்டா போட்டுக்கலாம்."

"குடைஞ்சா திரும்ப ஒட்ட வைப்பியாடா நீ? தாத்தா காலத்துக் குழல்டா!"

"ஈயம் ஒட்டுற குழலை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போற, பூ வைக்கவா?"

நெல்டாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "வர்ற ஆகஸ்டுலயும் ஈயம் ஒட்டுச்சுன்னா நீ கொண்டுபோய்க் குடைஞ்சுக்கோ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்." சொன்ன பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று உறைத்தது. எங்கள் பக்கத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது, அதுவும் தம்பியிடம் முடியவே முடியாது.

தீவனக் கடையில் காபி குடிக்கும் கூட்டத்திடம் கேட்டாள். அது ஒரு தப்பு. அத்தனை பேரும் ஒரே குரலில் மெழுகுதான் காரணம் என்றார்கள். ஒருவர் ஆட்டு ரோமக் கொழுப்பைச் சேர்க்கச் சொன்னார், இன்னொருவர் மெழுகுவர்த்தியை உருக்கிக் கலக்கச் சொன்னார், மூன்றாமவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அப்படித்தான் அவள் சமையலறை நாறத் தொடங்கியது.

மெழுகு கொடுத்தவன் ஆர்லோ. மலைச்சரிவில் தேனீப் பெட்டி வைத்திருப்பவன், பரம சாது.

"என்னய்யா மெழுகு குடுத்த? கலப்படம் ஏதாவது பண்ணியா?"

"என் தேனீங்க மேல பழி போடாத நெல்டா. அதுங்க உன் துப்பாக்கியக் கண்ணால பாத்ததுகூட இல்ல."

"பின்ன ஏன்யா ஒட்டுது?"

"எனக்கென்ன தெரியும்? எந்த இடத்துல ஒட்டுதுன்னு பாத்தியா?"

கேட்டுவிட்டு அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போய்விட்டான். கோபத்தில் ஏதோ சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி நெல்டாவின் மண்டையைக் குடைந்தது. பேருந்தில் எண்ணெய் ஒழுகினால் முதலில் எங்கிருந்து என்றுதானே பார்ப்போம்? இதில் மட்டும் புத்தி எங்கே போனது?

சின்ன விளக்கைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தாள். ஈயம் வாய்ப்பக்கம் ஒட்டியிருந்தால் மெழுகு வழியிலேயே தீர்ந்துபோனது என்று அர்த்தம். அங்கே கண்ணாடியாகச் சுத்தமாக இருந்தது. ஈயமெல்லாம் அடிப்பக்கம், தோட்டா உட்காரும் இடத்தை ஒட்டித்தான். அப்படியானால் குண்டு குழலைவிடச் சிறியது. சுற்றிலும் இடைவெளி இருப்பதால் வெடித்த நெருப்பு அதன் ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை உருக்கிச் சுவரில் பூசுகிறது. குண்டு குழலைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால்தான் அடைத்துக்கொண்டு போகும்.

அவள் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டித் தள்ளி, குழலின் அளவுக்கே அழுந்தி வந்த அதை எடுத்து அளந்தாள். குழல் தேயவே இல்லை! லெய்ஃப் சொன்னது சுத்தப் பொய். பிறகு வார்த்து வைத்த குண்டுகளை அளந்தாள். அவையும் குழலைவிட ஒரு மயிரிழை பெரிதாகவே இருந்தன. எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் ஈயம் ஏன் ஒட்டுகிறது? பேருந்து ஓட்டும்போதும் அதே யோசனை. ஒருநாள் ஒரு பிள்ளையை அவன் வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டாள், அவன் அம்மாவிடம் திட்டும் வாங்கினாள்.

பனி உருகி, புல் முளைத்து, ஜூலையும் வந்துவிட்டது. லெய்ஃப் பில்லிங்ஸ்காரரிடம் நாள் குறித்துவிட்டதாகச் சொன்னான். நெல்டா அன்று அழுதாள். ஆம், பேருந்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கடைசியில் கண்டுபிடித்ததும் தப்பான சந்தேகத்தால்தான். மெழுகின் மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் போகவில்லை. செய்து முடித்த தோட்டாவுக்குள் பித்தளைக் கூட்டில் கிடக்கும்போது மெழுகு வழிந்துவிடுகிறதோ என்று பார்க்க, ஒரு தோட்டாவைத் தட்டிக் குண்டைத் திரும்ப வெளியே எடுத்தாள். மெழுகு பள்ளத்தில் பத்திரமாக இருந்தது. சலிப்போடு அந்தக் குண்டை அளவு வளையத்தின் மேல் வைத்தாள். ஏற்கெனவே ஒருமுறை அழுத்தி எடுத்த குண்டைக்கூட, மறுபடி நெம்புகோலால் அழுத்தினால்தான் உள்ளே விடும் வளையம் அது.

குண்டு தானாகவே நழுவி, வளையத்துக்குள் புகுந்து, கீழே டக்கென்று விழுந்தது.

நெல்டா குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டுக்குள் போகும்போது பெரிதாக இருந்தது, வெளியே வரும்போது இளைத்திருக்கிறது. அப்படியானால் கூடுதான் அதை நெரிக்கிறது! இத்தனை மாதமும் கூட்டுக்குள் போகும் முன்பே அளந்தாளே தவிர, போன பிறகு ஒருமுறை அளந்தாளா? இந்த ஊரில் யாராவது அளப்பார்களா? குண்டு வார்க்கிறவர்கள் அத்தனை பேரும் இதே இடத்தில் கோட்டை விடுகிறவர்கள்தான்.

கூட்டின் வாயை விரிப்பதற்குச் சாமான் பெட்டியில் ஓர் எஃகு முளை உண்டு. கூட்டுக்குள் அதை விட்டு வாயை அகலமாக்கிய பிறகே குண்டை வைப்பார்கள். முளையை எடுத்துப் பார்த்தாள். பளபளவென்றிருந்தது. துப்பாக்கி வீட்டுக்கு வந்தபோதே அதைப் பார்த்து, தம்பி துடைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தாள். லெய்ஃப் ஒரு சாமானைத் துடைத்தான் என்றாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா! அளந்தாள். முளை ஒல்லி. செம்புச் சட்டை போட்ட கடைக் குண்டுக்கு ஆன முளை அது. கடினமான அந்தக் குண்டைக் கூடு நெரிக்காது, மென்மையான ஈயத்தைப் பிழிந்துவிடும்.

மறுநாள் பேருந்துக் கொட்டகை லேத்தில் சரியான அளவில் ஒரு முளை கடைந்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"குழல்ல ஒரு குத்தமும் இல்லடா."

"பேச்சு வேண்டாம்க்கா. போட்டி முடிஞ்சதும் நானே துணி விட்டு இழுப்பேன். சிலும்பு வந்துச்சுன்னா திங்கக்கிழமை பில்லிங்ஸ்."

ஆகஸ்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. இருவரும் ஒரே குழலில், அவள் செய்த தோட்டாக்களையே மாற்றி மாற்றிச் சுட்டார்கள். எருமைத் தகடுகள் தூரத்தில் டிங் டிங்கென்று ஒலித்தன. கடைசித் தகட்டை நெல்டா தவறவிட்டாள். லெய்ஃப் அடித்தான். ஒரே ஒரு தகடு வித்தியாசத்தில் தம்பி ஜெயித்துவிட்டான்.

ஆனால் அவள் கண் அவன் கையிலிருந்த துணியில்தான் இருந்தது. லெய்ஃப் கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு, மெதுவாக இழுத்தான். கரி வந்தது. திருப்பிப் பார்த்தான், விரலால் தேய்த்துப் பார்த்தான், இன்னொரு துணி விட்டான். கரி மட்டுமே.

"ஒண்ணுமே இல்லக்கா" என்றான், ஏதோ ஏமாந்துபோன மாதிரி.

நெல்டா ஓடிப்போய் ஆர்லோவைக் கட்டிக்கொண்டாள். "உன் தேனீங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுய்யா!"

"நீயே வந்து சொல்லு. முகத்துல வலை மாட்டிக்கிட்டு வா" என்றான் அவன்.

சாயங்காலம் வழக்கப்படி நெல்டா துப்பாக்கியையும் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தம்பியின் கார்க் கொட்டகைக்குப் போனாள். உள்ளே இருட்டு. லெய்ஃப் விளக்குப் போடும் கயிற்றை இழுத்துவிட்டான். கயிற்றின் நுனியில் கனத்துக்காகக் கட்டியிருந்த ஏதோ ஒன்று ஆடி வந்து நெல்டாவின் மூக்கில் மோதியது. பிடித்துப் பார்த்தாள். துருப்பிடித்த எஃகு முளை.

"இது என்னடா?"

"அதுவா? பழைய முளைக்கா. துருப்பிடிச்சிருந்துச்சு, கடையில புதுசு வாங்கிப் போட்டுட்டேன். தூக்கிப் போட மனசில்லாம..." 

"அந்தப் புதுசுதான்டா ஒல்லி. கூடு விரியாம குண்டை நெரிச்சதே அதனாலதான்" என்றாள் நெல்டா.

 அவன் முளையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

"நான்தானா?" என்றான் மெல்ல. "தாத்தா குழலைக் குடையப் பாத்தனே அக்கா..."

நெல்டாவுக்குத் திட்ட நிறைய இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அதையெல்லாம் விட்டுவிட்டாள். துப்பாக்கியைச் சுவரில் மாட்டினாள். லெய்ஃப் அதை உடனே எடுத்து அவள் கையில் திணித்தான்.

"நீ கொண்டுபோக்கா. எனக்கு வேண்டாம்."

"ஜெயிச்சவன் நீ. மாட்டுடா திரும்ப" என்றாள் அவள். பையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து, பழைய முளையைத் துடைத்துச் சாமான் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தாள். அறுத்த வேகத்தில் கயிற்றில் பாதியும் கூடவே போய்விட்டது. லெய்ஃப் புதுக் கயிறு கட்டவில்லை. அடுத்த ஆகஸ்ட் வரை விளக்குப் போட ஸ்டூலில்தான் ஏறினான்.