பட்டறையில் விட்ட கறுப்பு அம்பாசிடர்

எங்கள் தெரு வெள்ளைத்துரை அண்ணன், தல்லாகுளத்தில் நூல் வியாபாரம் செய்த ஹரிராமுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டினார். கறுப்பு அம்பாசிடர். அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.

1979 சித்திரையில் ஒரு மாட்டு வண்டி பின்கதவில் இடித்துவிட்டது. சென்னைக்குப் புறப்படும்போது முதலாளி சொன்னார்: "கதவை மட்டும் சரி பண்ணி வை. வேற எங்கயாச்சும் ஒரு கீறல், ஒரு புள்ளி இருந்துச்சு, சாவியைக் குடுத்துட்டுப் போயிரு."

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அவர் திரும்புவார்.

பசுமலைப் பக்கம் விருமாண்டியின் பட்டறையில் வண்டியை விட்டார் அண்ணன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. யாராவது பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தால், அதன் பக்கிள் கீறிவிடும் என்று குறுக்கே போய் நின்றார். பானெட்மேல் ஸ்பேனரை வைத்தவனோடு சண்டைக்குப் போனார்.

"மாப்ள, கதவை விட்டுட்டு ஒன்னையத்தான் மொதல்ல தட்டி நிமித்தணும்" என்றார் விருமாண்டி.

வியாழக்கிழமை மதியம் அடுத்த கொட்டகையில் ஒரு லாரிக்குப் பச்சைப் பெயிண்டைப் பீய்ச்சியடிக்க ஆரம்பித்தார்கள். காற்று இந்தப் பக்கம் வீசியது. வண்டியை நகர்த்த இடமில்லை. விருமாண்டியோ சாப்பிடப் போயிருந்தார். அண்ணன் வண்டியை நாலு தடவை சுற்றினார். பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது என்பது நினைவுக்கு வந்தது. கடைக்கு ஓடி விளக்கெண்ணெய் வாங்கிவந்து கூரை, பானெட் எல்லாம் தடவினார். பச்சைத் தூறல் விழுந்தது. துணியால் துடைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பெயிண்டுக்குத் தயாராக இருந்த கதவின் தூசியையும் அதே துணியால் துடைத்தார்.

மாலையில் விருமாண்டி கதவுக்குக் கறுப்பு அடித்தார். பெயிண்ட் பிடிக்காமல், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விலகியது.

"என்னத்தய்யா தடவுன?"

"எண்ணெய்ணே. லேசாத்தான்."

"லேசாவா? தாளிச்சு வச்சிருக்க! சரி, மேல இன்னொரு கோட் குடுத்து மறைச்சுரவா? ஒரு மாசம் தாங்கும்."

அண்ணன் வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். கடைசியில், "வேணாம்ணே, சுரண்டிருங்க" என்றார்.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில், பெயிண்ட் இல்லாத சாம்பல் நிறக் கதவோடு கார் நின்றது. முதலாளி பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலாளி வண்டியைச் சுற்றிவந்தார். கூரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சாவியைக் குடு."

கொடுத்தார். முதலாளி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, "ஏறு" என்றார்.

வண்டி வைகைப் பாலம் தாண்டியது. அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"வேற ஆள் பாத்துட்டீங்களா முதலாளி?"

"இப்ப இருக்குற பதட்டத்துல நீ எங்கயாச்சும் இடிச்சுருவ. அதான் நான் ஓட்டுறேன். திங்கக்கிழமை நீதான் மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோகணும்."

"விட்டுட்டு வந்துரணுமா, கூடவே இருக்கணுமா?"

"விட்டுட்டு வான்னா வந்துருவியாக்கும்! இருந்துக்க. ஆனா எதையும் தொடாம இரு."