ஆகாத மாத்திரை

தொண்டை வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின் மாத்திரையை, இட்லி சாப்பிட்ட கையோடு விழுங்கிவிட்டுப் பட்டாபிராமில் ரயில் ஏறினேன். சென்ட்ரல் பக்கம் எனக்கு வேலை. ஆவடி தாண்டியதும் உள்ளங்கை அரித்தது. வியர்வையாக இருக்கும் என்று துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். அண்ணனூர் வருவதற்குள் கழுத்தெல்லாம் தடிப்பு. உதடு கனத்துத் தொங்குவதுபோல இருந்தது.

எதிர் சீட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கிற ஓர் அக்கா. தினமும் அதே லேடீஸ் பெட்டியில் வருவார். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அதற்கு மேல் பேசியதில்லை.

“இன்னாம்மா, மூஞ்சி இப்டி வீங்கிக்கினு கீது? இன்னா துன்னே?”

பையிலிருந்த மாத்திரை அட்டையைக் காட்டினேன். பேச வாயெடுத்தால் தொண்டை இறுகியது. அக்கா அட்டையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அம்பத்தூரில் ரயில் நின்றதும் என்னை அணைத்துப் பிடித்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றினார். கடைக்குத் தாமதமாகப் போனால் அவரைத் திட்டுவார்களே என்று அந்த நிலையிலும் நினைத்தேன். சொல்லக் குரல் வரவில்லை.

“கண்ண மூடாதே. என்னியே பாரு,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டையைப் பார்த்த உடனே தொடையில் ஊசி போட்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு தடையில்லாமல் உள்ளே இறங்கியது. மூச்சு விடுவது அவ்வளவு சுகமான காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“போன வருஷமும் இதே மாத்திரைதான் சாப்பிட்டேன் டாக்டர். ஒண்ணும் ஆகலையே?”

“அப்பவே உங்க உடம்பு இதை எதிரின்னு தப்பா நினைச்சு வச்சிருக்கும். மறுபடி பார்த்ததும் சண்டைக்குக் கிளம்பிடுச்சு. இனிமே பெனிசிலின் வகை எதுவும் வேண்டாம். பல் டாக்டர்கிட்ட போனாக்கூட முதல்ல இதைச் சொல்லிடுங்க. அலர்ஜி டாக்டர் ஒருத்தரையும் பாருங்க.”

என் கணவர் வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து சேரும்வரை அக்கா கட்டில் பக்கத்திலேயே இருந்தார். கடைக்கு அன்று போகவே இல்லை. கிளம்பும்போது தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எந்த மாத்திரையைப் பார்த்தாலும் எனக்குப் பயம். தலைவலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சில மாதம் கழித்துச் சிறுநீரில் தொற்று வந்தது. அலர்ஜி டாக்டரிடம் காட்டினோம். இது வேறு வகை, தைரியமாகச் சாப்பிடலாம் என்று ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார். புத்திக்குப் புரிந்தது, கைதான் வாய்வரை போகவில்லை. கணவர் பக்கத்திலேயே இருந்தும், கூச்சத்தை விட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவருக்கு அன்று லீவு. இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கமிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

“நான் இங்கியேதான் கீறேன். நீ முழுங்கு.”

விழுங்கினேன். அக்கா டீ குடித்துக்கொண்டே, கடையையே கலைத்துப்போட்டுவிட்டுக் கர்ச்சீப் மட்டும் வாங்கிப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னார். நான் சிரித்தேன். கணவர் சாப்பாடு எடுத்து வைத்தபோதுதான், மாத்திரையை மறந்தே போயிருந்தது தெரிந்தது. தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை.

சாப்பிட்டு எழுந்த அக்கா, “வத்தக்கொழம்பு நல்லா கீது. கொஞ்சம் டப்பால போட்டுக் குடு, ஊட்டுக்கு எடுத்துகினு போறேன்,” என்றார். இருந்ததை எல்லாம் வழித்துப் போட்டுக் கொடுத்தேன்.