சாமிக்கு வைத்த ஆகாயத்தாமரை

எனக்கு நன்றாக வரைய வரும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஏழாம் வகுப்பில் அதைப் பள்ளிக்கூடமே ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று.

அந்த வருஷம் காட்டூரில் எங்கள் டிராயிங் சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் சேர்ந்து ஒரு வேலை கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம் நிலத்தையும் நீரையும் பிடித்துக்கொண்ட செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து, பார்த்து வரைய வேண்டும். படத்துக்கு சார் மார்க் போடுவார், குறிப்புக்கு மிஸ்.

நான் வாய்க்காலிலிருந்து ஆகாயத்தாமரையை எடுத்துவந்து பக்கெட் தண்ணீரில் விட்டேன். உப்பிய தண்டு, தாடி போல் தொங்கும் வேர், பக்கத்தில் முளைத்த குட்டிச்செடி எல்லாவற்றையும் வரைந்தேன். மூன்றாம் நாள் ஊதாப் பூ பூத்தது. அதையும் வரைந்து, ‘ஒன்று போதும், குளமே மூடிவிடும்’ என்று கீழே எழுதினேன். முதல் பரிசு எனக்குத்தான். கொடுக்காவிட்டால் சண்டை போட்டிருப்பேன்.

வரைந்ததும் செடியை வெயிலில் காயப்போட்டுவிடச் சொல்லியிருந்தார் மிஸ். ஆனால் பூவைப் பறிக்க மனம் வராத அம்மா, பக்கெட்டோடு அதைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். சாமிக்கு வைத்ததை எப்படித் தூக்கிப் போடுவது?

“நம்ம வாய்க்கால்ல சாக்கடை கலக்குது. மாமா ஊர்ல நல்ல தண்ணியில விட்டுடலாம்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தொட்டியத்தில், மாமாவின் வாழைக்குப் பாயும் வாய்க்காலில், செடியை விட்டுக் கும்பிட்டேன்.

அடுத்து நாங்கள் அங்கே போனது கோடை லீவில். வாய்க்காலில் தண்ணீரே தெரியவில்லை, பச்சையாக மூடிக் கிடந்தது. வாழை குலை தள்ளும் நேரம், தண்ணீர் ஏறவில்லை. மாமா முழங்கால் சேற்றில் நின்று செடிகளை அள்ளிக்கொண்டிருந்தார்.

நான் பரிசுப் படத்தை விரித்துப் பிடித்துக் கரையில் நின்று பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

“இத்தனை வருஷத்துல இங்க இது வந்ததே இல்ல பாப்பா. எப்படி வந்துச்சுன்னே தெரியல” என்றார் மாமா.

“விவரம் இல்லாதவங்க யாராவது கொண்டாந்து விட்டிருப்பாங்க மாமா” என்றேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. நான் விட்டது சாமி பூ, இது ஆக்கிரமிப்புச் செடி. எனக்கு இரண்டும் வேறு வேறாகத்தான் இருந்தன.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

“நீ எதுக்குக்கா இறங்கற? ஏறு” என்றார் மாமா. அவள் குனிந்து செடிகளைப் பிடுங்கினாள். மத்தியானம் வரை நிமிரவில்லை.

நான் எவ்வளவோ அருமையாக விளக்கியும் அம்மா ஒருமுறைகூட என் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அன்றைக்கெல்லாம் எனக்கு அவள்மேல் கோபமாக இருந்தது.